காது சிவக்கும்வரை

“அவர் கத்தட்டும். நீர் வாயே திறக்காதையும். கமரா உம்மடை முகத்தைத்தான் காட்டும்.”

பாலாம்பிகை இப்படிச் சொன்னதும் சந்திரவதனா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“பதில் சொல்லாமல் இருந்தா நான் பயந்திட்டன் எண்டெல்லோ சனம் நினைக்கும், அக்கா?”

“அமெரிக்காவிலை ஜனாதிபதித் தேர்தலுக்கு நிக்கிறவை டீவியிலை வாதாடினதைப் பாத்தனீரே? ஒரு பொம்பிளை கேள்வி கேக்கேக்கை ஒருத்தர் தன்ரை கைமணிக்கூட்டைப் பாத்தார். தேர்தலிலை தோத்தார். அவையள் கதைச்ச இங்கிலிஸ் எனக்கு அரைவாசியும் விளங்கேல்லை. முகம் விளங்கினது.”

கோலியர்ஸ் வுட்டில் சந்திரவதனாவின் வீட்டுக் குசினியில், அடுப்பருகே, இந்த ஆலோசனை நடந்துகொண்டிருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் தாதி. தமிழ்ச் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்கும் முதல் பெண். எதிரே நிற்பவர் பத்து வருடமாகத் தலைவராக இருக்கும் யோகலிங்கம். புதிதாகத் தொடங்கிய தமிழ்த் தொலைக்காட்சி, சனிக்கிழமை இருவரையும் நேருக்கு நேர் வாதாட அழைத்திருந்தது.

ஆர்ச்வே முருகன் கோயிலில் தானாகவே வந்து பேச்சுக் கொடுத்தவள் பாலாம்பிகை. அன்றிலிருந்து சந்திரவதனாவுக்கு மூளையே அவள்தான்.

“அகதியா வந்த பொம்பிளையளுக்குச் சங்க மண்டபத்திலை ஏன் இங்கிலிஸ் வகுப்பு வைக்கேல்லை எண்டு கேளும். கேட்டிட்டுச் சிரிச்ச முகத்தோடை அவரையே பாரும். முதல்லை காது சிவக்கும். அதுக்குப் பிறகு தன்ரை வாயாலையே தோப்பார்.”

“உங்களுக்கெப்படி அக்கா உதெல்லாம் தெரியும்?”

“கனகாலமாக் கேட்டுக்கொண்டிருக்கிறன்” என்று சொல்லிப் பாலாம்பிகை கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

சனிக்கிழமை, விளக்குகளின் வெளிச்சத்தில் சந்திரவதனா அந்தக் கேள்வியைக் கேட்டாள். யோகலிங்கம் மண்டப வாடகை பற்றிச் சொன்னார். அவள் புன்னகையோடு பார்த்தாள். ஆசிரியர் இல்லை என்றார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் காது சிவந்தது.

“சமைக்கிற பொம்பிளையளுக்கு இங்கிலிஸ் என்னத்துக்கு?” என்று மேசையில் ஓங்கி அடித்தார்.

சந்திரவதனா மெல்லத் திரும்பிக் கமராவைப் பார்த்தாள்.

“கேட்டுக்கொண்டிருக்கிற அக்காமார், தங்கச்சிமார் நாளைக்கு வாக்குப் போட மறக்காமல் வாங்கோ.”

வந்தார்கள்! சங்கத்தின் வாசற்படியை ஒருநாளும் மிதிக்காத பெண்களெல்லாம் குழந்தை வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வரிசை மண்டபத்தைத் தாண்டி பஸ் தரிப்பிடம்வரை நீண்டது. நகரின் மறுகோடியிலுள்ள எட்மண்டனிலிருந்து இரண்டு வான் வண்டிகளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

மாலையில் முடிவு வாசித்தபோது மண்டபம் அதிர்ந்தது. யோகலிங்கத்துக்குக் கிடைத்ததைப்போல் மூன்று மடங்கு வாக்குகள் அவளுக்கு! யாரோ மாலை போட்டார்கள், யாரோ கட்டிப்பிடித்து அழுதார்கள். சந்திரவதனாவின் கண்களோ பாலாம்பிகையைத் தேடின.

கதவடியில் நின்றாள் அவள். சந்திரவதனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளை நோக்கி ஓடினாள். அதற்குள் முகம் கறுத்துப்போன யோகலிங்கம் பாலாம்பிகையருகே போய்விட்டார்.

“வாரும், வீட்டை போவம். நான் வெல்லுறதை என்ரை மனுசி பாக்கட்டும் எண்டு இண்டைக்குத்தான் உம்மை முதல்முதலாச் சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தன். எல்லாம் பாழாப்போச்சு! உவளுக்கு ஆரோ நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கினம். ஆரா இருக்கும்?”

திகைத்து நின்ற சந்திரவதனாவைப் பார்த்துப் பாலாம்பிகை மெல்லக் கண்ணைச் சிமிட்டினாள்.

“எனக்கென்னப்பா தெரியும்? புதுத் தலைவி தொடங்கப்போற இங்கிலிஸ் வகுப்புக்கு முதல் ஆளா என்ரை பேரைக் குடுத்திட்டன். வாங்கோ, போவம்.”