உருட்டியவர்தான் படிக்க வேண்டும்

கம்பியைப் பூட்டுக்குள் விட்டார் சம்பந்தம். கதவுக்கு அந்தப் பக்கம் மகன் அர்ஜுனன் கை கால் கட்டுண்டு கிடக்கிறான். இந்தப் பக்கம் காவல்காரனின் செருப்புச் சத்தம் நெருங்கிக்கொண்டிருக்கிறது.

"சீக்கிரம் நைனா, கழுத்த அறுத்துடப் போறான்" என்றான் கட்டுண்டு கிடந்த அர்ஜுனன், வறுத்த இறாலை வாயில் போட்டுக்கொண்டே.

காற்று பலமாக இருந்ததால் அன்று பழவேற்காட்டு ஏரியில் படகுகள் இறங்கவில்லை. பொன்னேரிக் கல்லூரியில் படிக்கும் மகள் வினோதினி, எங்கோ பிடித்த பழைய வெளிநாட்டு விளையாட்டு ஒன்றை விரித்து, அப்பாவையும் அண்ணனையும் உட்காரவைத்திருந்தாள். கதையை அவள் சொல்வாள். அதற்குள் ஆளாக நுழைந்து இவர்கள் நடமாட வேண்டும். நினைத்தது முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

சம்பந்தத்துக்கு வாய்த்தது திருடன் வேடம்.

"நம்ம வம்சத்துல திருடன் எவனும் கெடையாது. வேற குடு."

"உனக்காக நான் தாயக்கட்டைல உருட்டுனதுல அதான் நைனா வந்துச்சி. பூட்டு தொறக்க உனக்கு நூத்துக்குப் பதினஞ்சு. பதினஞ்சோ அதுக்குக் கீழயோ விழுந்தா கதவு தொறக்கும்."

"நூத்துக்குப் பதினஞ்சா? இவன்லாம் ஒரு திருடனா?"

"புதுத் திருடன் நைனா. போகப் போகத்தான் கை வரும்" என்று சிரித்த அர்ஜுனன், பெட்டியைக் கிளறி ஒரு கருப்புக் க்ரேயானை எடுத்தான். "இது இன்னாத்துக்கு? மேல்காகிதம்கூடப் பிரிக்கல?"

"பகடையோட வந்துச்சி. வைண்ணா அத."

இரண்டு பகடைக் கட்டைகளை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள் வினோதினி. "வெள்ள பத்தாம் எடம், செவப்பு ஒண்ணாம் எடம். ரெண்டையும் சேத்துச் சொல்லணும்."

அப்போதுதான் சம்பந்தத்துக்கு மெய்யாகவே வியர்த்தது.

சில மாதங்களாக அவர் கண்களில் வெண்படலம். முகம் தெரியும், நிறம் தெரியும், எழுத்து மட்டும் தெரியாது. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. விடிந்தால் பாடு. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊரே கூடிச் சீட்டு எடுக்கும் நாள்.

எடுத்த சீட்டைப் பிரித்து உரக்கப் படிக்கும் உரிமை பாட்டன் காலம் தொட்டுச் சம்பந்தத்தின் வீட்டுக்கு. அவர் படித்தால் படித்ததுதான், வாங்கிப் பார்க்க எவனுக்கும் துணிச்சல் கிடையாது. அப்பன் உயிரோடிருக்க மகன் படிக்கும் வழக்கமும் இல்லை. கண் போன சேதி வெளியே வந்தால் அந்த உரிமை பங்காளி தனக்கோடி வீட்டு வாசலுக்குப் போய்விடும். அதைப் பார்ப்பதைவிட முகத்துவாரத்தில் விழுந்து சாகலாம்.

கட்டைகள் பாயில் உருண்டு நின்றன. வெள்ளையாக ஒன்று, சிவப்பாக ஒன்று. அவ்வளவுதான் தெரிந்தது.

"அர்ஜுனா, இன்னான்னு பாரு."

"அவன் பாக்கக் கூடாது" என்றாள் வினோதினி. "உருட்டினவர்தான் படிக்கணும். அதான் சட்டம்."

சம்பந்தம் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, பாடு அன்று சீட்டுப் படிக்கிற அதே குரலில் சொன்னார்: "பதினொண்ணு!"

அர்ஜுனன் மெல்வதை நிறுத்தினான். தங்கையின் முகத்தைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

"பூட்டு தொறந்துடுச்சி நைனா. இப்போ அண்ணன் கட்ட அவுரு."

மறுபடி உருட்டினார். எல்லாவற்றிலும் ஜெயித்தால் சந்தேகம் வரும். "அறுவத்திரண்டு. சே, போச்சு" என்று தொடையில் தட்டிக்கொண்டார். அதையும் வினோதினி அப்படியே எடுத்துக்கொண்டாள்.

"காவக்காரன் வந்துட்டான். எங்கனா ஒளி" என்ற வினோதினி, முறத்தை நிமிர்த்தித் தன் முன்னால் மறைப்பாக வைத்துக்கொண்டாள். "இத மட்டும் நான் உருட்டுவேன். நீ பாக்கக் கூடாது."

"ஏன்?"

"ஒளிஞ்சிருக்கிறவனுக்கு, தான் மாட்டிக்கினது தெரியாதுல்ல நைனா? ஒளிஞ்சிட்டோம்னு நெனச்சிக்கினு நிப்பான். அவ்ளோதான்."

முறத்துக்குப் பின்னால் ஏதோ உருண்டது. கொஞ்ச நேரத்தில் சம்பந்தத்துக்குத் தைரியம் வந்தது. பெற்ற பிள்ளைகளே கண்டுபிடிக்கவில்லை, ஊரா கண்டுபிடிக்கப் போகிறது? நாளை எந்தச் சீட்டைப் பிரித்தாலும் வாய்க்கு வந்த பெயர் ஒன்றைக் கணீரென்று சொன்னால் போதும். ஒருவன் இடம் இன்னொருவனுக்குப் போகும். போகட்டும். அந்த நினைப்பு அவரையே ஒரு கணம் உலுக்கியது. பல்லைக் கடித்து அதை அடக்கினார்.

"ஆட்டம் போதும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நாளைக்குப் பாடு. சீக்கிரம் போவணும்."

வினோதினி முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"நைனா, நீ உருட்டுன பகடைல நான் இன்னும் அந்தக் க்ரேயானால நம்பரே எழுதல."