எதை வாசிக்கட்டும்?

தடக், தடக், தடக். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மனைவி டிஜிட்டல் பியானோவின் கட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். பாட்டெல்லாம் அவளுக்கு, கட்டைச் சத்தம் மட்டும் நமக்கா என்று சோபாவில் கிடந்தவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் ஒரு பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்ப்பவர். ஓரம் கருகியது, நடுவில் விரிசல் விட்டது எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளுவதுதான் வேலை. ஃபாக்டரியில் அவருக்கு ‘ரிஜெக்ட்’ என்று பெயர். அது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

ஸ்கூல் நாளில் பாதியில் விட்ட பியானோவை, மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதும், நாற்பத்தேழு வயதில் மறுபடி பிடித்திருந்தாள் மனைவி. முதல் வாரம் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரிதான் வாசித்தாள். ஒரே இடத்தில் பதினேழு தடவை தப்பு. “சீ, குமட்டுது” என்றவர், மறுநாளே ஒரு ஹெட்ஃபோனை வாங்கி வந்து அவள் மடியில் போட்டார்.

காது தப்பித்தது, கண் மாட்டிக்கொண்டது. அவள் உதட்டைக் கடிப்பதும் தலையை ஆட்டுவதும், தடித்த விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தடுமாறுவதும் அவருக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்து உள்ளே போகலாம்தான். போகாமல் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கசந்துகொண்டார்.

அன்று ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அவள் கேட்டாள். “ஏங்க, மாசக் கடைசில பியானோ கிளாஸ்ல நாங்க எல்லாரும் மேடையில வாசிக்கணும். ரெண்டு பீஸ்ல எதை வாசிக்கட்டும்? ஒண்ணு சின்னது, ரெண்டே பக்கம், மெதுவா போகும். இன்னொண்ணு பெரிசு, பதினோரு பக்கம், ஓட்டமா ஓடும். டீச்சர் சின்னதே போதும்கிறாங்க.”

அவர் முகம் திடீரென்று கனிந்தது. “பெரிசையே வாசியேன். உன்னால முடியாததா?”

அவள் தலையாட்டிவிட்டு மறுபடி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். தடக், தடக்.

உடனே அக்காவுக்குப் போன் போட்டார். “அக்கா, ஒருவழியா இதுக்கு முடிவு கட்டிட்டேன். பெரிசை வாசின்னு ஏத்தி விட்டிருக்கேன். நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கப்போறா. எங்க ஜெனரல் மேனேஜர் பொண்டாட்டியும் அங்கதான் கத்துக்கறாங்க, எல்லாரும் பார்ப்பாங்க. ஒரு தடவை அசிங்கப்பட்டா, ஜென்மத்துக்கும் அந்தக் கட்டையைத் தொடமாட்டா. அந்த இடத்துல பெரிய டிவியை வெச்சிடலாம்.”

அக்காவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “பாவம்டா. மெதுவா பேசு, அவ காதுல விழுந்துடப்போகுது.”

“இடி விழுந்தாலும் கேக்காது. அடுப்புல பாலை வெச்சிட்டு உக்காந்திருக்கா. இப்ப பொங்கப்போகுது, அதுகூடத் தெரியல.”

எழுந்து நாலடி நடந்து அணைக்க மனம் வரவில்லை. பொங்கினால் அதைச் சொல்லி அரைமணி நேரம் திட்டலாமே. ஆனால் மனைவி சட்டென்று எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“மூக்காவது வேலை செய்யுதே” என்றார் அக்காவிடம்.

அதற்கப்புறம் நாள் தவறாமல், “பெரிசு எப்படி வருது?” என்று அக்கறையாக விசாரித்தார். “விரல் ஓடுதுங்க” என்பாள். டேப் எடுத்துச் சுவரை அளந்தும் வைத்துக்கொண்டார். கட்டின மனைவி நாலு பேர் முன்னால் கூனிக்குறுகி நிற்பதற்கு ஒரு மனுஷன் இப்படி நாள் எண்ணினார் என்று சொல்லவே கூசுகிறது.

அந்த நாளும் வந்தது. ஐம்பது மடக்கு நாற்காலி போட்ட சின்ன ஹால். முதல் வரிசையில், படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பத் தயாராகப் போனைத் தூக்கிப் பிடித்தபடி இவர். ஒரு கண் டாக்டர் தட்டுத்தடுமாறி வாசித்தார். ஜெனரல் மேனேஜரின் மனைவி இரண்டு இடத்தில் நின்று, சிரித்து, மறுபடி தொடங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

மனைவி வந்து உட்கார்ந்தாள். சின்ன பீஸை வாசித்தாள்.

இரண்டே பக்கம். ஒரு இடத்தில் லேசாகச் சறுக்கியது, நிற்காமல் போய்விட்டாள். ஹாலில் ஒருத்தர்கூட அசையவில்லை. முடிந்ததும் ஜெனரல் மேனேஜரே எழுந்து வந்து இவர் கையைக் குலுக்கினார். “வீட்ல நீங்க ரொம்ப சப்போர்ட் போல.” இவர் வழிந்தார்.

வெளியே கார் பக்கத்தில் வந்ததும் சீறினார். “பெரிசைத்தானே வாசிக்கச் சொன்னேன்?”

“வாசிச்சு, நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கணுமா?”

அவருக்கு முகம் வெளுத்தது. “அக்கா போட்டுக் குடுத்துட்டாளா?”

“அவங்க பாவம், ஒண்ணும் சொல்லல. நீங்க சொன்னதைத்தான் கேட்டேன். ஒரு நாள் விடாம.”

“எப்படி? காதுலதான் அதை மாட்டிக்கிட்டே இருந்தியே?”

“நீங்க வாங்கிக் குடுத்ததாச்சே, மாட்டிக்காம இருப்பேனா?” என்று கதவைத் திறந்து உட்கார்ந்தாள். “முதல்ல விரல் படியட்டும், சத்தமே இல்லாம பழகுங்கன்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க. மூணு வாரம் நான் பியானோவை ஆனே பண்ணலைங்க.”