இடது பக்கத்துக் குரல்

“இடது பக்கத்துல அந்தப் பொம்பளைக் குரல் வரல,” என்றான் தியாகராஜா. “நீங்க மாத்திக் குடுத்தது வேற சாமான், பஹ்மி நானா.”

பஹ்மி முழங்காலில் நின்று, புது ஸ்பீக்கரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். கையிலிருந்த இன்சூரன்ஸ் கோவையில் பழைய ஸ்பீக்கரின் மொடல் இலக்கம் இருந்தது. இரண்டையும் விரல் வைத்து ஒத்துப் பார்த்தார்.

“அதே மொடல்தான் தம்பி. கொழும்புல மூணு கடை ஏறி எறங்கித் தேடி எடுத்தீக்கிறன். இதுல ஒரு கையெழுத்து வெச்சா கிளெய்ம் முடிஞ்சிடும்.”

“வைக்க மாட்டேன்.”

சித்திரை மழையில் பின்வளவுப் பலாமரத்தின் கொப்பு முறிந்து கூரையைப் பிளந்தது. உள்ளே இறங்கிய தண்ணீர் முழுவதும் அந்த இரண்டு ஸ்பீக்கர்களின் மேல்தான் கொட்டியது. கடதாசிக் கூம்புகள் ஊறிக் கிழிந்தன. தியாகராஜாவின் மனைவி சுந்தரி இறந்து அன்றைக்கு எட்டாம் நாள்.

பஹ்மி இன்சூரன்ஸ் வேலைக்கு வருமுன் கண்டி டவுனில் ரேடியோ திருத்தியவர். அதனால்தான் இந்த முறைப்பாட்டை அவர் தலையில் கட்டி, கட்டுக்கலையில் இருக்கும் இந்த வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

“சரி, போடுங்க. நானும் கேக்கிறன்.”

தியாகராஜா கசெட்டைப் போட்டான். ஆண் குரல் ஒன்று பல்லவியைத் தொடங்கியது.

“இந்த எடத்திலயா...” என்று பஹ்மி வாயெடுத்தார்.

தியாகராஜா விரலை உயர்த்தினான். “பாட்டு ஓடும்போது யாரும் பேசக் கூடாது.”

பல்லவி இரண்டாம் முறை திரும்பி வந்தது. அவன் இடது பக்கம் சாய்ந்து, கண்ணை மூடிக் காத்திருந்தான். பாட்டு முடிந்தும் சற்று நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

“கேட்டீங்களா? இல்ல. அந்த எடத்துல பாடுறவருக்குக் கீழ, மெல்லிசா ஒரு பொம்பளைக் குரல் வரும். வார்த்தை தெரியாது. ராகம் மட்டும். நாலு வருஷமா கேட்டேன்.”

பஹ்மி வயர்களை வலது இடதாக மாற்றிக் கொடுத்தார். வரவில்லை. கசெட் ஹெட்டைப் பஞ்சால் துடைத்தார். வரவில்லை.

“இதே பாட்ட வேற எங்கயாச்சும் கேட்டீக்கிறீங்களா?”

“பேராதனையில எங்க ஒப்பீஸ் ரேடியோவுல ஒரு தடவ போச்சு. அதுல வரல. சின்ன ரேடியோவுக்கு அதெல்லாம் புடிபடாது நானா. நல்ல ஸ்பீக்கருக்குத்தான் புடிபடும்.” அவன் பேச்சில் பழைய பெருமை கொஞ்சம் மீதமிருந்தது.

“கடைசியா எப்ப கேட்டீங்க?”

“அவ போறதுக்கு மொத நாள். அதுக்கப்புறம் முப்பத்தொண்ணாம் நாள் சடங்கு முடியிற வரைக்கும் வீட்டுல பாட்டுப் போடல. முந்தாநாள்தான் இந்தப் புதுச மாட்டிப் போட்டேன். வரல.”

பஹ்மி தலையைக் குனிந்துகொண்டார். “அவங்களுக்கும் இது புடிச்ச பாட்டா?”

“சுந்தரிக்கா? அவளுக்குப் பாட்டே புடிக்காது. நான் கசெட்டக் கையில எடுத்தாலே எந்திரிச்சு உள்ள போயிருவா.”

பின்கதவால் பக்கத்து வீட்டுக் கமலம் பால் விடாத பிளேன்டி இரண்டு கிளாஸோடு வந்தாள். சாவு விழுந்த நாளிலிருந்து இந்த வீட்டுக் குசினியிலும் அவள்தான் அடுப்பு மூட்டினாள். அந்தக் குசினி வாசலில், இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், தட்டோடு நின்றாள்.

“தம்பி, எனக்கும் மேல ஆக்கள் ஈக்கிறாங்க,” என்றார் பஹ்மி. “என்னண்டு எழுதுற? ஸ்பீக்கர் நல்லா ஈக்கு, ஒரு பொம்பளையத்தான் காணல்ல எண்டா?”

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கு உறைத்தது. தியாகராஜா கோபப்படவில்லை.

“பழசையே தாங்க. கிழிஞ்சது கிழிஞ்ச மாதிரியே தாங்க. நான் ஒட்டிக்கிறேன்.”

“அது ஏலத்துல போயிட்டு தம்பி. புதுசு குடுத்தா பழச கொம்பனி எடுத்துரும்.”

அவன் கதிரையில் உட்கார்ந்தான். “நாவலப்பிட்டியில இருந்து அம்மா கூப்புடுறாங்க. வீட்டக் குடுத்துட்டு வாடான்னு. நான்தான் போகல. கூரைய ஒட்டி, ஸ்பீக்கர மாத்தி, அந்த ஒரு குரலக் கேட்டுட்டா இங்கயே இருந்துரலாம்னு நெனச்சேன். அவ போயிட்டா. அந்தக் குரலாவது மிஞ்சும்னு நெனச்சேன்.”

“எந்தக் குரல் தம்பி?” என்று கேட்டாள் கமலம்.

அவன் கசெட்டைப் பின்னுக்கு ஓட்டிப் போட்டான். பல்லவி இரண்டாம் முறை வந்ததும், காணாமல் போன ராகத்தை அதன் கீழே தானே முனகிக் காட்டினான். அவனுக்குச் சுருதி சேரவில்லை. ஆனால் கமலம் தட்டை மெதுவாக மேசையில் வைத்தாள்.

“கடைசியில கொஞ்சம் இழுத்து, சட்டுன்னு நின்னுருமே. அதா?”

“அதேதான்.” அவன் எழுந்துவிட்டான். “உங்களுக்கும் கேட்டிச்சாக்கா? செவுத்துக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கு பாருங்க நானா, அப்பிடி ஒரு ஸ்பீக்கர் அது. எழுதுங்க. சாட்சி இருக்கு.”

பஹ்மி பேனாவைத் திறந்தார். கமலத்தின் முகத்தைப் பார்த்தார். மூடினார்.

“எங்க குசினிக்கும் உங்க குசினிக்கும் ஒரே செவுருதானே,” என்றாள் கமலம். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை அவன் விரலை உயர்த்தவில்லை.

“கூடப் பாடுனது சுந்தரி, தம்பி.”