ஓட்டில் ஒரு துளை

குன்னூர் பங்களாவின் புல்தரையில் பனி விலகுகிறது. கப்பலில் வந்த பெரிய ஆமை வெயிலுக்குக் கழுத்தை நீட்டுகிறது. அதைப் பிடித்துவந்த தீவில் மனிதக் காலடியே பட்டதில்லை, கடற்பறவைகளின் கூச்சல்தான் என்கிறார் துரை. அங்கே தென்னை நட நாளை புறப்படும் கூலியாட்களில் ஒச்சப்பனும் ஒருவன். புல்லறுக்க வந்த அவன் மனைவி பேச்சி, ஆமையோட்டின் விளிம்பைத் தடவிப் பார்க்கிறாள். அங்கே ஒரு துளை. காளையின் மூக்குத் துளைபோல, கயிறு உரசி உரசி வழவழப்பாகியிருக்கிறது. “கப்பல்ல கட்டியிருப்பாங்க,” என்கிறார் சமையற்காரர் நூர் முகமது, துரை உட்கார்ந்திருக்கும் வராந்தாவைப் பார்த்துக்கொண்டே. “ஒரு மாசக் கயித்துக்கு இப்படித் தேயுமுங்களா பாய்? இது வருசக்கணக்கா கட்டி வளத்தது. வளத்தவங்கெல்லாம் எங்கீங்க?” பழகிய ஆடுபோல, ஆமை அவள் கையிலிருந்தே புல்லைத் தின்கிறது.