பயறு தின்னி ஜாரா

நியேலே வாயை மூடி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

சாதாரண மூடல் இல்லை. மழைக்கு முன்னால் தானியக் குதிரின் வாயை மூடுகிற மாதிரி, காற்று புக வழியில்லாமல் மூடியிருந்தாள்.

இடது கன்னத்து வீக்கம் கண்ணுக்குக் கீழே வரை ஏறியிருந்தது. கடைவாய்ப் பல்லுக்கடியில் சீழ். இன்றைக்கே பிடுங்கியாக வேண்டும். திங்கள் சந்தைக்கு வந்த படகு மூன்று மணிக்குத் திரும்பிவிடும்; அடுத்த படகு அடுத்த திங்கள். அதற்குள் அந்தச் சீழ் எங்கே ஏறும் என்று அவள் அம்மா சீராவிடம் சொல்லியிருந்தேன். சொன்னதிலிருந்து சீரா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் ஜாரா மட்டும் அவசரப்படவில்லை. அவரிடம் ஒரு முறை இருந்தது.

தலைநகர் பமாக்கோவில் இரண்டு மாதம் தங்கி, குழந்தைகளின் பயம் போக்கும் ஏழு படி முறையைப் படித்துவிட்டு, வெள்ளிக்கிழமைதான் எங்கள் ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்திருந்தார். வந்த கையோடு ஒரு சொற்பொழிவு. இனி இந்த அறையில் ஊசி என்ற சொல் கூடாது. அது தூங்க வைக்கும் தண்ணீர். குறடு என்று சொல்லக் கூடாது, பல்லின் தோழி. இருபது வருஷமாகப் பல்லின் தோழியைக் கொதிக்க வைத்துக் கழுவுகிறவள் நான். தலையாட்டினேன்.

முதல் படி, புன்னகை. புன்னகைத்தார்.

இரண்டாவது படி, நாற்காலியை ஏற்றி இறக்கிக் காட்டுவது. கரண்ட் இல்லை. காலால் மிதித்து மிதித்து ஏற்றினார்.

மூன்றாவது படி, பச்சைத் துணித் தவளைக்குப் பல் பார்ப்பது. தவளைக்கு முப்பத்திரண்டு பல் தைத்திருந்தார்கள். நியேலேவுக்கு ஏழு வயது, ஆற்றங்கரையில் பிறந்தவள். தவளையை ஒரு முறை பார்த்தாள், டாக்டரை ஒரு முறை பார்த்தாள். உதடு அசையவில்லை.

நான்காவது படியை இரண்டு தரம் விளக்கினார். ஐந்தாவதை நடுவில் நிறுத்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு மறுபடி முதலிலிருந்து வந்தார். புன்னகைத்தார்.

எங்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும் முதலில் குலப்பெயரைக் கேட்போம். அதைச் சொல்லி நாலு தரம் வணங்கி, ஆடு மாடு வரை நலம் விசாரித்த பிறகுதான் மற்ற பேச்சு. ஏழு படியில் அது இல்லை. அதனால் அவர் கேட்கவில்லை.

நியேலே கேட்டாள். உதட்டை மட்டும் லேசாகப் பிரித்து, பக்கத்தில் நின்ற என்னிடம், இவர் என்ன குலம் என்று.

ஜாரா என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள்.

"நான் ட்ராவோரே. யோவ் ஜாரா, பயறு தின்னி, காலைல எத்தன பான தின்ன?"

சீரா பதறிப்போய் ஏதோ சொல்ல வந்தாள். மகள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள்.

இனி டாக்டருக்கு வேறு வழி கிடையாது. ட்ராவோரேயும் ஜாராவும் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கேலி முறைக்காரர்கள். ஒருவரையொருவர் பயறு தின்னி என்பார்கள், என் அடிமை என்பார்கள். மந்திரியே ஆனாலும் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்க வேண்டும். கோபித்துக்கொள்கிற ஜாராவை ஊர் ஜாராவாகவே சேர்க்காது.

தவளையைப் பிடித்தபடி நின்றார். பமாக்கோ அவர் முகத்தைவிட்டுப் படிப்படியாக இறங்கியது.

"மூணு பான தின்னேன். நாலாவதக் காணோம்னு காலைலேர்ந்து தேடிட்டிருக்கேன். ட்ராவோரே வீட்டுத் திருட்டுக் கழுத, வாயத் தொற, எங்க ஒளிச்சு வெச்சிருக்கன்னு பாக்கணும்."

திறந்தாள்.

இது என் பயறு, இது என் தம்பி பயறு என்று ஒவ்வொரு பல்லாகத் தொட்டுக்கொண்டு போனார். அவள் தொண்டைக்குள்ளேயே திட்டினாள். சொல் புரியாவிட்டாலும் திட்டு என்பது புரிந்தது. ஊசியை ஊசி என்றே சொன்னார். ட்ராவோரே வீட்டில் ஊசியைப் பார்த்தால் ஆம்பிளைகளே கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வார்களாமே என்று விசாரித்தார். கண்ணீர் இரண்டு சொட்டு காதுப் பக்கம் இறங்கியது. அதெல்லாம் அழுகையில் சேராது என்று அவள் விரலாட்டினாள்.

பல் தட்டில் விழுந்தது.

சீரா சுவரை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் தொட்டிப் பக்கம் திரும்பி வெகுநேரம் கை கழுவினார்.

வாசலில் அவர்களை நிறுத்தினேன். காலையில் அவளுக்குச் சீட்டு எழுதியவள் நான்தான். சொந்தக் குலத்துக்குள் அந்தக் கேலிப் பேச்சு கிடையாது. அதிலும் பெரியவரிடம்.

"ஏண்டி, நீயும் ஜாராதான? அவரு உனக்கு அப்பா முறைடி. எதுக்குப் பொய் சொன்ன?"

பஞ்சைக் கடித்திருந்ததால் பேச முடியவில்லை. வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரல்களை வெடவெடவென்று நடுங்க வைத்துக் காட்டினாள். பிறகு தாடையால் டாக்டரின் அறையைச் சுட்டினாள்.

அவ்வளவுதான். அம்மாவை இழுத்துக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினாள்.

உள்ளே நோயாளியின் நாற்காலியில் டாக்டர் சாய்ந்து கிடந்தார். சீட்டைக் கேட்டார். அவர் கைக்கு வைத்தியத்துக்கு வந்த முதல் குழந்தையாம். அந்த ட்ராவோரேக் கழுதையின் பெயரை முழுதாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

எடுத்து வருகிறேன் என்று வெளியே வந்தேன். சீட்டை நாலாகக் கிழித்தேன். புதுச் சீட்டில், கோணல் இல்லாமல் எழுதினேன்: நியேலே ட்ராவோரே.