பிரபல நிறுவனம்

எழிலன் பல் துலக்கி, பச்சைத் தண்ணீரில் குளித்து, தான் உதவி ஆசிரியராக இருந்த மாலை நாளிதழ் அலுவலகத்துக்குப் போனான். பழுதான வாட்டர் ஹீட்டர்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பு மறுபடி வந்திருந்தது. போன முறை ஆசிரியர் சபாபதி கம்பெனியின் பெயரை அடித்துவிட்டு, ‘பிரபல நிறுவனம்’ என்று போட்டார். அந்த வாரம்தான் எழிலனின் மனைவி சுகந்தி அதே கம்பெனி ஹீட்டரில் மின்சாரம் பாய்ந்து இறந்தாள்.

“விளம்பரம் குடுக்கறவங்க பேரு வேணாம். உன் வீட்டுச் சோகத்த இதுல கொட்டாத தம்பி” என்றார் சபாபதி.

“சரிங்க சார்.”

அவர் டீ குடிக்கப் போனதும், முதல் பக்கத் தலைப்பில் கம்பெனியின் பெயரைப் போட்டான். கீழே, அதை மறைத்த ஆசிரியரின் பெயர். மேற்கோள் குறிக்குள் உண்மையில் சொன்னது மட்டுமே வர வேண்டும் என்பது சபாபதியின் கண்டிப்பான விதி. அதன்படியே சுகந்தி கடைசியாகச் சொன்னதைச் சேர்த்து, பக்கத்தை அச்சுக்கு அனுப்பினான்: “நீங்க படுங்க, தண்ணி சூடாயிருச்சான்னு நான் கை வெச்சுப் பாக்கறேன்.”