காசிம் எஃபந்தி எழுதிய பவுனம்மாள்

காசிம் எஃபந்தி படத்துக்கு முன்னால் தொங்கிய துணியை விலக்கியதும் பர்கத்துல்லா பாய் "மாஷா அல்லா" என்று நெஞ்சில் கை வைத்தார். மண்டபத்துப் பர்மியக் காவல்காரர் ஊ சான் டுன்கூட எட்டிப் பார்த்து "லாடே, லாடே" என்றார். அழகாம்.

எனக்கு முதலில் கண்ணில் பட்டது குடம்தான்.

தலையில் குடம். உடம்பு முழுக்கக் கறுப்புத் துணி. காலில் செருப்பில்லை. பின்னால் மண் நிறத்தில் ஓர் ஆறும் இரண்டு பேரீச்ச மரங்களும். முகம் என்னுடையது. மூக்குத்தியைக் காணோம்.

எனக்கு அப்போதே சுருக்கென்றது. குடம் சுமந்து சுமந்து அலுத்துத்தான் ஊரைவிட்டுக் கப்பல் ஏறினேன். ரங்கூனில் எங்கள் கூலிக் கொட்டகை வாசலிலேயே குழாய் இருக்கிறது. என்னைக் கொண்டுபோய் மறுபடியும் ஆற்றங்கரையில் நிறுத்தியிருக்கிறாரே இந்த மனிதர்!

குடம் கிடக்கட்டும். எனக்கு வேண்டியது வேறு.

சூலே பகோடாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மண்டபத்தில் அன்று சாயங்காலம் எஃபந்தியின் படங்களைப் பார்க்கத் துரைமார்கள் வரப்போகிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அரிசி மில்லின் துரையும் வருகிறார். போன மழைக்காலத்தில் தன் மில்லில் எனக்கு எதுவுமே நடக்கவில்லை என்று வாய் கூசாமல் சாதித்த அதே துரைதான். கூடவே நின்று பார்த்த மேஸ்திரி வாயைத் திறக்கவில்லை. நியாயம் கேட்டு மில் வாசலுக்குப் போனால் காவல் நிற்கும் தர்வான் விரட்டுகிறான்.

சுவரில் மாட்டிய படத்தை எந்தத் தர்வான் விரட்டுவான்? துரையும் துரைசானியும் அதற்கு முன்னால் நின்று, நாலு பேர் பார்க்க, என்னைப் பார்த்தாக வேண்டும். அதற்காகத்தான் சம்மதித்தேன்.

எஃபந்தி எகிப்துக்காரர். ஜப்பானுக்குப் போகிற வழியில் இறங்கி, மொகல் தெருவில் பாயின் குடைக்கடை மாடியில் தங்கியிருந்தார். கடை வாசலில் அவித்த கடலைத் தட்டோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தவர் படியிலேயே நின்றுவிட்டாராம். காயல்பட்டினத்தில் அரபி ஓதிய பாய்தான் எங்கள் இரண்டு பேருக்கும் வாய்.

அவர் கதையைப் பாய் ஓயாமல் சொன்னார். பருத்தி விளைகிற சீமையில் பெரிய பண்ணை வீட்டுப் பிள்ளை. ரோமாபுரிக்குப் போய், வெள்ளைக்காரிகளை வெள்ளைக்காரன் மாதிரியே படமாக எழுதப் படித்தவர். திரும்பி வந்தால் ஊரே இங்கிலீஷ்காரனை எதிர்த்துத் தெருவில் நிற்கிறது. படித்ததை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு, பழைய ராஜாக்களின் கல்லறைச் சுவர்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாராம். கல்லில் இருந்த கோடுகளைப் பார்த்துப் பார்த்து, வயலில் பாடுபடும் பெண்களை அதே மாதிரி எழுதினாராம். இப்போது அங்கே படம் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தானாம். குடம் சுமக்கும் குடியானவப் பெண்தான் அவர்களுக்கு நாடாம்.

இங்கிலீஷ்காரனைப் பிடிக்காதவர். அது ஒன்று போதாதா எனக்கு? நம்பினேன்.

"நான் எப்படி இருக்கேனோ அப்படியே எழுதணும்னு சொல்லுங்க பாய். கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

பாய் சொன்னார். எஃபந்தி தலையை ஆட்டினார். அரபி தெரியாவிட்டால் என்ன, தலையாட்டுவது எல்லாருக்கும் புரியும்.

அந்நிய ஆம்பிளை முன்னால் போய் நிற்கிறாளே என்று கொட்டகைப் பெண்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் தடுக்கவில்லை. காலையில் என் கூந்தலை அள்ளி முடிந்துவிட்டு, எகிப்து ராணி கிளம்பியாச்சா என்று கிண்டல் செய்வார்.

மாடியில் எஃபந்தியே குடத்தைத் தூக்கி என் தலையில் வைப்பார். கழுத்து இற்றுப்போகும். பொறுத்துக்கொண்டேன். அவர் என்னை ஒன்றுவிடாமல்தான் பார்த்தார். ஒரு தரம் கண்கூடக் கலங்கினார். அந்தக் கண்ணீரை நம்பித்தான் மண்டபம் வரைக்கும் வந்தேன்.

இப்போது குடத்தின் பக்கவாட்டில் உற்றுப் பார்த்தேன்.

"இது யாரு கை, பாய்?"

பாய் தயங்கினார். கேளுங்கள் என்று அதட்டினேன். கேட்டார். எஃபந்தி உற்சாகமாக ஏதேதோ பேசி, காற்றில் குடத்தைப் பிடித்துக் காட்டினார்.

"அவுக நாட்டுப் பொம்பளைக கைன்னு சொல்றாரு தங்கச்சி. கல்லறைச் சுவத்துல இருக்காப்ல ரெண்டு பக்கமும் சமமா இருந்தாத்தான் கம்பீரமாம். ஒன்னைய ஒரு கொறையும் இல்லாம ஆக்கிட்டாராம்."

குறையாம்! துரை செய்த அக்கிரமத்துக்கு இவர் வைத்த பெயர் குறை.

சாயங்காலம் துரை வருவார். படத்துக்கு முன்னால் நின்று, நல்லாத்தானே இருக்கிறாள் என்று துரைசானியிடம் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குப் போவார். அவருடைய பொய்க்கு இங்கிலீஷ்காரனைப் பிடிக்காத மனிதர் வர்ணம் தீட்டிக் கொடுத்திருக்கிறார்.

கிட்டப் போய் விரலால் தொட்டேன். வர்ணம் இன்னும் காயவில்லை.

எஃபந்தி அலறினார். தடுக்க வந்த பாய், பெண்பிள்ளையைத் தொடக் கூசி நடுவழியில் நின்றுவிட்டார்.

குடத்தைப் பிடித்திருந்த விரல்களில் தொடங்கித் தோள் வரைக்கும், மில்லின் இயந்திர வார் இழுத்துக்கொண்டு போன அந்த இடது கையை, எனக்கு மிச்சமிருக்கும் ஒரே கையால் அழித்தேன்.